கையை எடுத்த பிறகு

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். எவ்வளவு கோபம் வந்தாலும் வேளை தவறாமல் சாப்பிடுகிறவள் ஆயிற்றே! "கல்யாணத் தேதி குறிச்சாச்சும்மா. மனசாரச் சரின்னு சொல்றதா இருந்தா மட்டும் போன் பண்ணு" என்று சொல்லிவிட்டு வைத்தாய். கடிதம் எழுதக் கூடாது என்று நீ சொல்லவில்லை.

செய்தியில் பார்த்திருப்பாய். புறப்படும்போது இஞ்சின் பழுதாகித் திரும்பியது நான் கேப்டனாகப் போன விமானம்தான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அப்பாதான் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி நடத்துகிறார். கேட்காமலே டீ வருகிறது, சர்க்கரை இல்லாமல்.

அன்று ஓட்டியது துணை விமானி. எங்கள் குழுவில் அவனை ஒல்லி என்போம். யார் ஓட்டினாலும், ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது இஞ்சின் விசைப்பிடியில் கேப்டனுடைய கைதான் இருக்கும். கோளாறு என்றால் இழுத்து நிறுத்த வேண்டியவள் நான். ஆனால் ஒரு வேகம் உண்டு. அதைத் தொட்டுவிட்டால் நிறுத்துவதற்குப் பாதை போதாது. கோளாறோடாவது மேலே போய்விட வேண்டும். அந்த வேகம் வந்ததும் நானே உரக்கச் சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். கை அங்கேயே இருந்தால் பயத்தில் இழுத்துவிடும், அதற்காகத்தான்.

சொன்னேன், எடுத்தேன். அடுத்த நொடி டமார் என்று ஒரு சத்தம். விமானம் வலப்பக்கமாக இழுத்தது. எத்தனை வருஷப் பயிற்சி! அத்தனையையும் மீறி என் கை தானாகப் பிடிக்குத் திரும்பிப் போய்விட்டது, வாலு. ஒல்லி தலையைக்கூடத் திருப்பவில்லை. "சொல்லியாச்சு மேடம், போறோம்" என்றான், அடுத்த ஸ்டாப் என்னவென்று சொல்கிற குரலில். கையை மடிக்கு இழுத்துக்கொண்டேன். பாதை முடிவதற்குள் அவன் தூக்கிவிட்டான்.

அப்புறம் எல்லாம் வேலைதான். மீதி இருக்கிற ஒரு இஞ்சினிலேயே பறந்து வந்துவிடலாம். அவன் ஓட்ட, பழுதான இஞ்சினை நான் முறைப்படி அணைத்தேன். தலைமைப் பணிப்பெண்ணிடம் விவரம் சொன்னேன், பயணிகளிடம் மைக்கில் பேசினேன். சுற்றி வந்து இறங்கினோம். டீ எப்போது வரும் என்று ஒரு பெரியவர் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாராம்! எல்லோரும் இறங்கும்வரை வாசலில் நின்று சிரித்தேன். அதன் பிறகுதான் உட்கார்ந்தேன்.

ஒல்லியிடம் நன்றி சொன்னேன். அவன் கூச்சத்தோடு, "யாருக்கா இருந்தாலும் கை போகத்தான் செய்யும் மேடம்" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனுக்குக் காரணம் புரிந்திருக்காது.

நேற்று சாப்பிடும்போது அப்பா நீ கட்டிக்கொள்ளப் போகிற பையன் பேச்சை எடுத்தார். நாடக மேடைக்கு விளக்குப் போடுகிறவனுக்கு இந்த மாதம் வேலை இருக்கும், அடுத்த மாதம் என்ன செய்வான் என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். பாதியிலேயே வாயை மூடிக்கொண்டேன். நீதான் தேதி குறித்தாயிற்றே. எனக்குப் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அது என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும், உன்னைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

கல்யாணத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். அப்பா சட்டை எடுக்கக் கிளம்பிவிட்டார். அவர் எடுக்கும் நிறத்துக்கு நான் பொறுப்பில்லை.

நன்றாக இரு, என் தங்கமே. இரண்டு பேரும் நன்றாக இருங்கள். மாப்பிள்ளையிடம் மட்டும் ஒன்று சொல்லிவை. அன்றைக்கு வெளிச்சமெல்லாம் உங்கள் இரண்டு பேர் மேல் விழட்டும். நான் உட்காரும் பக்கம் கொஞ்சம் இருட்டாகவே இருக்கட்டும்.

உன்
அம்மா