தோற்றவள்மேல் பொறாமை

என் புஷ்பத்துக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்மேல் எனக்கு இருந்த பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை. செத்துப்போன தங்கச்சிமேல் யாராவது பொறாமைப்படுவார்களா?

சுங்கை வே பிஸ்கட் தொழிற்சாலையில் தொழிலாளர் சங்கக் கிளையின் தலைவி பதவிக்கு நாம் இரண்டு பேரும் எதிரெதிராக நின்றோமே, அன்றைக்குத் தொடங்கியது இது. நான் ஜெயித்தேன். உன் ஆட்கள் எழுந்து, எண்ணிக்கையில் ஏதோ கோளாறு என்று கத்தினார்கள். நீதான் அவர்களை அடக்கினாய்.

"நம்ம ஆளுங்களும் கூட நின்னுதானே எண்ணுனாங்க? இனிமே அக்காதான் தலைவி. உக்காருங்க லா."

மாலை என் கழுத்தில். கண்கள் எல்லாம் உன்மேல்.

பிறகு பேக்கிங்கில் இருந்த மேரி, நான் மேனேஜர் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று கேன்டீனில் பேசினாள். அவளைச் சங்கத்திலிருந்து நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தேன். கடைசி வரிசையில் நீ கை தூக்கினாய்.

"அவ பக்கத்தைக் கேட்டீங்களா, அக்கா?"

"நான்தானே தலைவி?"

"தலைவிதான். ஆனா சட்டம் உங்களுக்கும் ஒண்ணுதான்."

மேரி அழுதுகொண்டே பேசினாள். என் தீர்மானம் தோற்றது. பஸ்ஸில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாய். அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை. பதவி என்னிடம் இருக்க, மரியாதை மட்டும் எப்படி உன்னிடம் வந்தது?

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தேர்தல். என்னை எதிர்த்து யாருமே நிற்கவில்லை. கைதட்டினார்கள். எதிரில் நீ இல்லாத வெற்றி எனக்கு என்னவோபோல் இருந்தது. "யாராச்சும் நில்லுங்களேன்" என்றேன். "எதுக்கு அக்கா வீண் வேலை?" என்றார்கள். நான் விடவில்லை. செமினியிலிருந்து வேலைக்கு வரும் ராதா, நேற்று வந்தவள், தயங்கித் தயங்கி எழுந்தாள்.

ரகசிய ஓட்டில் ஜெயித்தும் விட்டாள்.

இந்த முறை கத்தியது என் ஆட்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சத்தம் எனக்கு இனித்தது. கத்தட்டும் என்று கொஞ்சம் விட்டேன். அப்புறம்தான் எழுந்தேன்.

"எண்ணுனது சரிதான். ராதாதான் தலைவி."

குரல் நடுங்கியது. உனக்கு நடுங்கவே இல்லையே, எப்படி?

அடுத்த கூட்டத்துக்கு நான் கட்டாயம் போவேன். ராதா தவறினால் எழுந்து கேட்பேன். அவள் சரியாகச் செய்தால் அவளுக்குக் கை தூக்குவேன். ஜெயித்து உன்னை மிஞ்ச முடியவில்லை. தோற்றாவது மிஞ்சிக் காட்டுகிறேன், பார்.

பொறாமை தீராத
உன் அக்கா,
சரோஜா