மேலிட உத்தரவு

மார்ச் 3, செவ்வாய்

எழுதி எழுதி விரல் மரத்துவிட்டது. விசாரணை ஆணையத்தில் இன்று சாட்சி சொன்னவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் அந்தக் காலத்து அதிகாரிகள். ஆறு பேருக்கும் ஞாபகமறதி. முப்பத்தோரு வருடத்துக்கு முன், அந்த வெள்ளத்தில், அணையின் கிழக்கு மதகுகளைத் திறக்கச் சொன்னது யார்? "மேலிட உத்தரவு" என்கிறார்கள். அந்த மேலிடத்துக்கு வாய் உண்டு, பெயர் கிடையாது போலிருக்கிறது. தலைநகரம் பிழைத்தது. கீழே நான்கு ஊர்களில் இருநூற்றுப் பதினொரு பேர் போய்விட்டார்கள்.

மதகைத் திறந்தது அணை ஊழியராக இருந்த என் அப்பா. வேலைக்குச் சேர்ந்த அன்றே செயலாளரிடம் சொல்லிவிட்டேன். "சுருக்கெழுத்துதானே எழுதறீங்க, தீர்ப்பா எழுதறீங்க? அவர் வர்ற அன்னிக்கு லீவு போட்டுக்குங்க" என்றார்.

மார்ச் 5

தம்பி வந்திருந்தான். அப்போது நாட்டின் தலைவராக இருந்த பெரியவருக்கு அவன் எப்போதும் வக்காலத்து வாங்குவான்.

"அவர் செஞ்சது சரிதான்க்கா. தலைநகர் பக்கம் கரை உடைஞ்சிருந்தா லட்சம் பேர். நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் முன்னதாக அபாயச் சங்கு ஊதவேண்டும் என்று விதி இருக்கிறதே? அதைக்கூடச் செய்யவில்லையே — அப்பா உள்ளறையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மார்ச் 9

மதகுப் பதிவேட்டை இன்று மேசையில் வைத்தார்கள். அப்பாவின் கையெழுத்து. "பிற்பகல் 2.30. தொலைபேசியில் மேலிட உத்தரவு. ஏழு மதகும் திறப்பு." அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"அவரேதாம்மா பேசினாரு. ரேடியோவுல தினம் கேட்ட குரல், தெரியாதா? சங்கு ஊதணும், நேரம் குடுங்கன்னேன். 'நேரமில்ல, திற'ன்னாரு. சங்கும் தண்ணியும் ஒண்ணாத்தான் போச்சு."

"அவர் பேரை எழுதித் தொலைச்சிருக்கலாமேப்பா!"

"பெரியவங்க பேரைப் பதிவேட்டுல எழுதறதில்லம்மா. மரியாதையா இருக்காதுன்னு எல்லாரும் 'மேலிடம்'னுதான் போடுவோம்."

மரியாதை! மரியாதை பார்த்தே கெட்டோம்.

மார்ச் 12

பெரியவர் வந்தார். சக்கர நாற்காலி, முழங்காலில் கம்பளி. நீதிபதியே எழுந்து நின்றார். "அன்னிக்கு நூறு முடிவு எடுத்தேன். அணையை அதிகாரிகள் பார்த்துக்கிட்டாங்க. நான் யாருக்கும் போன் பண்ணல." தண்ணீர் குடிக்கும்போது மேலெல்லாம் சிந்திக்கொண்டார். கண்ணெதிரே ஒரு கிழவர். கோபம்கூட முழுசாக வரவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

மார்ச் 13, வெள்ளி

லீவு போட்டுவிட்டுப் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பா சாட்சி சொல்லி முடித்ததும் பெரியவரின் வக்கீல் எழுந்தார்.

"போன்ல பேசினது அவர்தான்னு ஆதாரம் இருக்கா?"

"என் காதுதாங்க."

"மதகைத் திறந்தது யாரு?"

"நான்தாங்க."

"எழுத்துல உத்தரவு கேட்டீங்களா?"

"கேக்கலைங்க."

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாங்க."

வெளியே வந்ததும், தெரு என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே அம்பே போய் 'என்னை நொந்துகொள்ளுங்கள்' என்று நிற்கிறது!

"வேற யாருமே 'நான்'னு சொல்லலியேம்மா" என்றார்.

ஜூன் 9

அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். எழுபதாவது பக்கம். பெரியவர் உத்தரவிட்டதற்குப் போதிய ஆதாரமில்லை. எழுத்துப்பூர்வ உத்தரவின்றி மதகைத் திறந்த ஊழியரே பொறுப்பு. வயதைக் கருதி நடவடிக்கை இல்லை. இருநூற்றுப் பதினொரு உயிருக்கு நாட்டில் ஒரே ஒரு பொறுப்பாளி, என் அப்பா. கழிப்பறையில் போய் அழுதேன்.

ஜூன் 10

அப்பா பேப்பரைப் படித்தார், மடித்து வைத்தார். சாப்பிட வரவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

காலையில் கதவைத் தட்டியது அறுபது தாண்டிய ஒரு அம்மாள். வெள்ளம் கொண்டுபோன ஊர்களில் ஒன்றிலிருந்து, விலாசம் விசாரித்து வந்திருக்கிறார். வாசலிலேயே மறித்தேன்.

"சண்டை போட வரலம்மா. இத்தன வருஷமா யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல. இவருதான் 'நான்'னு சொல்லியிருக்காரு."

அப்பா எழுந்து வந்து நாற்காலியைக் காட்டினார். அந்த அம்மாள் நின்றுகொண்டே பேசினார்.

"பள்ளிக்கூடம் தாழ்வான இடத்துல இருந்துச்சு. பெரியவளுக்கு ஒம்பது வயசு, சின்னவனுக்கு ஆறு. சங்கு சத்தம் கேட்டு ஓடினேன். பாதி வழியிலேயே தண்ணி வந்துடுச்சு."

"பிள்ளைங்க பேரென்னம்மா?" என்றார் அப்பா. சொன்னார். அப்பா இரண்டு பெயர்களையும் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"ஒரு அரை மணி நேரம் முன்னாடி ஊதியிருந்தாக்கூட ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்திருப்பேன், இல்லீங்களா?"

மனசுக்குள் கெஞ்சினேன். சொல்லாதீங்கப்பா, சொல்லாதீங்க —

"ஆமாம்மா. கூட்டிட்டு வந்திருப்பீங்க" என்றார் அப்பா.

அந்த அம்மாள் அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.