தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தேன்

மச்சினிக்கு,

எழுதுவதும் எழுந்து நடப்பதுமாக இருக்கிறேன். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் உன்னை விடலாமா என்று நம் கம்பெனியில் இன்னும் தகராறுதான். "அவன் பொண்ணா மாறிட்டா, நாங்க எங்க போய் மாத்துறது?" என்கிறார்கள். முன்பு உன் அக்கா துண்டை விரித்துப் பிடித்து உன்னை மறைத்து நிற்பாள். பேசுகிறவர்களுக்குப் பதிலும் கொடுப்பாள். அவள் கண்மூடியதிலிருந்து நீ வேலைக்கே வரவில்லை.

போன வாரம் பேக்கிங் மேஸ்திரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஆபரேஷன் தழும்போட நான் யாரு முன்னாடியும் மாத்த மாட்டேன்ப்பா. அவளால மட்டுமா கூச்சம்? நீ மெயின்டனன்ஸ் ஆளுதானே, ஆளுக்கொரு கதவு வையேன்!"

மேனேஜரும் தலையாட்டினார். வைத்துவிட்டேன். தடுப்பு கூரைவரை, கதவு தரைவரை. துண்டு பிடிக்க இனி ஆள் வேண்டாம்.

தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று உள்ளே நின்று போட்டுப் பார்த்தேன். உடனே திறக்கத்தான் நினைத்தேன். உன் அக்கா போன அன்று வராதது அப்போது வந்தது.

"உள்ள மாட்டிக்கிட்டியா?" என்று மேஸ்திரியம்மா தட்டினார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இல்லம்மா, டெஸ்ட் பண்றேன்" என்றேன்.

தாழ்ப்பாள் நன்றாகப் பிடிக்கிறது. உள்ளே இருப்பது வெளியே யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை வா.

அத்தான்