தகர வேலியில் ஒரு தட்டு

ரிமோட் வேலை செய்யவில்லை என்று இன்று காலை அம்மாவிடம் சொன்னேன். அவர் அறைக்குள் போய் றங்குப்பெட்டியைத் திறந்து, துணித்துண்டில் முடிந்து வைத்திருந்த இரண்டு பற்றரிகளைக் கொண்டுவந்து நீட்டினார். அவற்றின் வாயில் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது.

"உதுகளைப் போட்டுப் பார் பிள்ளை" என்றார்.

பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. உன் சாவுத் துடக்கு நாட்களில் அவர் கழற்றி ஒளித்துவைத்த பற்றரிகள் அவை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து துடக்குக் கழிந்ததும் நாங்கள் புதிது வாங்கிப் போட்டோம். இவற்றை அவர் திருப்பித் தரவும் இல்லை, எறியவும் இல்லை.

நீயும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். என் அண்ணையைக் கட்டியபின் நீ எனக்கு மச்சாள். உன் சீதன வீட்டுக்குக் கூரை போடும்வரைக்கும் என்று தொண்டைமானாற்றுக்கு வந்தவள், கூரை போட்டபிறகும் எங்களோடேயே நின்றுவிட்டாய். அண்ணன் மனைவியை "நீ", "வாடி" என்று கூப்பிடுகிறேன் என்று அம்மா முறைப்பார். உனக்கு அது சிரிப்பாக இருக்கும்.

நீ மீன் வெட்டும்போது பாடுவாய். அண்ணையின் படகு கரைக்கு வந்தால் உனக்குப் பாட்டும் வந்துவிடும். பழைய படப்பாட்டு ஒன்று. அதையே திரும்பத் திரும்பப் பாடுவாய். நீ தொடங்கியதும் அம்மா தன் பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கி வாசல் பக்கம் திருப்பிப் போட்டு, உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். ஒருநாளும் நல்லதென்றும் சொன்னதில்லை, கூடாதென்றும் சொன்னதில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். நீ கத்தியை அசைத்துக் காட்டி, "விடு மச்சாள், எப்பிடியும் ஒருநாள் உந்தக் கதிரையைத் திருப்பிப்போடுறன்" என்பாய்.

அந்தப் பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் கண்டது நான்தான். பெயர்பெற்ற பாடகர்கள் நாலு பேர் பெரிய கதிரைகளில் பாடுபவருக்கு முதுகு காட்டி இருப்பார்கள். குரல் பிடித்தால் கதிரை திரும்பும். திரும்பியவர் அந்த ஆளுக்குப் பயிற்சி கொடுப்பார். "உனக்கு உது பழகின வேலைதானே" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். யாழ்ப்பாணத்தில் நடந்த முதல் தேர்வில் உன்னை எடுத்தார்கள், கொழும்புக்கு வரச் சொன்னார்கள். "கலியாணம் கட்டின பிள்ளைக்கு மேடையிலை என்ன வேலை?" என்று அம்மா கேட்டார். அண்ணை, "போகட்டும் அம்மா" என்றார்.

நீ திரும்பி வந்து பையை வைக்கமுதலே கேட்டேன்: "கதிரை திரும்பினதோ?"

"ரீவியிலை போடேக்கை பார்."

"எனக்கும் சொல்லமாட்டியோ?"

"கையெழுத்து வாங்கிப்போட்டுத்தான் விட்டவங்கள். வாய் திறந்தால் எனக்குத்தான் வில்லங்கம்."

நான் சும்மா விட்டேனா? கெஞ்சினேன், கோபித்தேன், உன்னோடு கதைக்காமலும் இருந்து பார்த்தேன். எதுவும் சரிவரவில்லை. முகத்தைப் பார்த்தாவது பிடித்துவிடலாம் என்றால், போகும்போது இருந்ததைவிட உற்சாகமாக மீன் வெட்டிக்கொண்டிருந்தாய், அதே பாட்டோடு. எனக்கு நிச்சயமாகிவிட்டது. நாலு கதிரையும் திரும்பியிருக்கிறது, கள்ளி மறைக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. நுளம்பு கடித்த காய்ச்சல், இரண்டு குளிசை விழுங்கினால் மாறிவிடும் என்று நினைத்தோம். மாறவில்லை. ஆசுபத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுகூட அந்தக் கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. கேட்கவில்லை. நீ எழும்பி வந்து நீயே சொல்லுவாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நீ எழும்பவில்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த மறுநாள் தொலைக்காட்சியிலிருந்து ஒரு பிள்ளை அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தது. வருகிற ஞாயிறு நீ பாடிய பகுதி வருகிறதாம். குடும்பத்துக்கு விருப்பமில்லையென்றால் வெட்டிவிடுவார்களாம். கதிரை திரும்பியதா இல்லையா என்று இப்போதே சொல்லட்டுமா என்றும் அந்தப் பிள்ளை கேட்டது.

"வேண்டாம் தங்கச்சி" என்றார் அண்ணை. "அவள் சொல்லாததை நீங்கள் சொல்லவேண்டாம். போடுங்கோ."

அன்றிலிருந்து வீட்டில் மூச்சுவிடவே பயமாக இருந்தது. துடக்கு வீட்டில் அந்தியேட்டி வரைக்கும் பாட்டும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. "பிணம் எடுத்த வீட்டிலை பாட்டுக் கேக்கப்போறியளோ?" என்று அம்மா பற்றரிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டார். கைத்தொலைபேசியில் பார்ப்போம் என்றேன். "அதுவும் பாக்கிறதுதானே" என்று அண்ணையே மறுத்துவிட்டார். துடக்கோடு அயல் வீட்டுப் படி ஏறவும் முடியாது. ஆனால் என்னை அரித்தது அதுவல்ல. ஒரு கதிரையும் திரும்பாமல் போயிருந்தால்? துக்கம் விசாரிக்க வருகிற சனம் உன் சாவோடு சேர்த்து உன் தோல்வியையும் எங்கள் முற்றத்தில் இருந்து கதைக்குமே என்று பயந்தேன். நாலும் திரும்பியது என்று ஊரைக் கூட்டியவளும் நான்தான்.

வழி சொன்னவர் பக்கத்து வீட்டு ராணியக்கா. அவர் எங்களுக்குச் சொந்தமில்லை, துடக்கும் இல்லை.

"ரீவியை யன்னலடிக்குத் தள்ளிச் சத்தத்தைக் கூட்டிவிடுறன். நீங்கள் உங்கடை வளவுக்குள்ளை நிண்டு கேளுங்கோ. காதிலை விழுறதுக்கு ஆர் என்ன செய்யிறது? கதிரை திரும்பினால் வேலித் தகரத்திலை ஒரு தட்டுத் தட்டுறன். ஒரு கதிரைக்கு ஒரு தட்டு."

ஞாயிறு பின்னேரம் அண்ணையும் நானும் தகர வேலியோடு ஒட்டி நின்றோம். அம்மா முற்றத்தில் கதிரையைப் போட்டு, வழக்கம்போல் எங்களுக்கும் வேலிக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். "நான் உதுக்கு வரேல்லை" என்றார். ஆனால் உள்ளே எழும்பிப் போகவும் இல்லை.

யார் யாரோ பாடினார்கள். ராணியக்கா சும்மா இருந்தார். பிறகு உன் குரல். மேடையில் நின்று உன் பெயரையும் ஊரையும் சொன்னாய். அண்ணை தகரத்தைப் பிடித்துக்கொண்டார். மீன் வெட்டும்போது பாடுகிற அதே பாட்டைத்தான் எடுத்தாய். இசைக்கருவிகளோடு கேட்டபோது அது வேறொரு பாட்டாக இருந்தது. முதல் வரி போனது. நான் தட்டுக்குக் காத்திருந்தேன். இரண்டாவது வரி போனது. நீ மேலே ஏறுகிற இடம் வந்தது. வீட்டில் அந்த இடத்தில்தான் கத்தியை நிறுத்துவாய். இப்போது தட்டு விழும், இதோ விழும் என்று தகரத்தில் காதை வைத்தேன். வெயிலில் காய்ந்த தகரம் சுட்டது. தட்டு விழவில்லை. பாட்டு இறங்கியது, முடிந்தது. கைதட்டல் கேட்டது. ராணியக்காவின் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் அழுகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

எனக்கு முதலில் வந்தது கோபம், மச்சாள். உன்மேல்தான். இதை வைத்துக்கொண்டா அத்தனை நாளும் என் முன்னால் சிரித்துக்கொண்டு திரிந்தாய்? நாலும் திரும்பியது என்று நான் ஊருக்குச் சொன்னபோது, ஒரு வார்த்தை மறுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டா நின்றாய்?

நடுவர் ஒருவர் மன்னிப்புக் கேட்கிற குரலில், நல்ல குரல், இன்னும் கொஞ்சம் பயிற்சி வேண்டும் என்று என்னவோ சொன்னார். பாவம், வருத்தப்படாதீர்கள் என்றார். நீ சிரித்தது வேலிக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

"பரவாயில்லை சேர். எங்கடை வீட்டிலை ஒரு கதிரை இருக்கு. கனகாலமாத் திரும்பேல்லை. போய் அதைத் திருப்பப் பாக்கிறன்."

அங்கே எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அது பகிடி. அண்ணை முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் அம்மாவைப் பார்க்கத் துணிவில்லாமல் மெல்லத் திரும்பினேன்.

அம்மாவின் கதிரை வேலியைப் பார்த்தபடி இருந்தது. கைகளை மடியில் வைத்து, முகத்தைத் துடைக்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வரியில் எழும்பித் திருப்பிப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. மணலில் கதிரைக்கால் இழுபட்ட அடையாளம் மட்டும் அரைவட்டமாகக் கிடந்தது. நீ அந்தக் கதிரைக் கதையைச் சொல்லமுதலே அவர் திரும்பியிருக்கவேண்டும். நீ சொன்னதற்கும் நான் திரும்பிப் பார்த்ததற்கும் இடையில் அவருக்கு நேரம் இருக்கவில்லை.

நான் வேலித் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"என்ன பிள்ளை?" என்று ராணியக்கா அந்தப் பக்கமிருந்து அழுகைக் குரலில் கேட்டார்.

"ஒரு கதிரை திரும்பினது அக்கா" என்றேன்.

அந்தப் போட்டி மறுபடி தொடங்கிக் கொஞ்சநாளாகிறது, இன்றைக்கும் வருகிறது. கடைக்குப் போய் வேறு பற்றரி வாங்கி வந்து போட்டுவிட்டேன். பூத்துப்போனவற்றை அம்மா துணியில் முடிந்து மறுபடியும் றங்குப்பெட்டிக்குள் வைத்துவிட்டார். அவருடைய கதிரை தொலைக்காட்சிக்கு நேரே இருக்கிறது. யாரோ ஒரு பிள்ளை பாடி, ஒருவரும் திரும்பாமல் பாட்டு முடிந்துபோனால், என் கை தானாக எழும்பி மேசையிலோ கதவிலோ ஒரு தட்டுத் தட்டிவிடுகிறது. ஏனென்று அம்மா கேட்பதில்லை.