இசைத்தட்டு அட்டையில் ஒரு முகம்

விழுப்புரம்
4 ஜூலை 1988, திங்கள்

பாலில் இன்றும் தண்ணீர். திருப்பி அனுப்பினேன்.

மத்தியானம் ஜெர்மனியிலிருந்து கிருஷ்ணவேணிக்கு ஒரு பார்சல் வந்தது. திண்டிவனத்தில் பள்ளிக்கூடம் முடித்து அவள் பாசஞ்சரில் வந்து சேரும்வரை மேஜைமேல் அப்படியே இருந்தது. அடுத்தவர் தபாலைப் பிரிப்பது இந்த வீட்டில் வழக்கமில்லை, மகளுடையதாக இருந்தாலும்.

உள்ளே ஓர் இசைத்தட்டு. அதன் அட்டைப் படம் இவள் வரைந்ததாம். அவள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் ஹாஜிரா பீவியின் தம்பி துபாயிலிருந்து கேசட்டுகள் கொண்டுவருவான். அதில் ஜெர்மனியில் பாடும் ஒரு கூட்டத்தாரின் பாட்டைக் கேட்டு, அவர்களுக்குக் கடிதம் எழுதி, படத்தையும் அனுப்பியிருக்கிறாள். டிராயிங் டீச்சர் வேலைக்கு நடுவில் இதெல்லாம் எப்போது நடந்தது? பாட்டின் வகைக்கு டெத் மெட்டல் என்று பெயர். கூட்டத்தின் பெயரை இந்தப் பக்கத்தில் எழுத மாட்டேன்.

படத்தில் மயானம். மேல்மலையனூரில் மயானக் கொள்ளையன்று சாம்பலில் அம்மனைக் கிடத்துவார்களே, அதுபோல ஒரு பெண் மல்லாந்து கிடக்கிறாள். விரித்த நரைமுடி. கடித்த பல். சுற்றிலும் எலும்பு.

அங்கே ஒரு பத்திரிகையின் வாசகர்கள் இந்த வருஷம் தங்களுக்கு மிகவும் பிடித்த அட்டை இதுதான் என்று ஓட்டுப் போட்டிருக்கிறார்களாம். கூட்டத்தில் டிரம் அடிக்கிறவன் எழுதியிருக்கிறான். அவன் ஆங்கிலம் ஒரே பிழை. கான்வென்ட்டில் எங்கள் மதர் பார்த்திருந்தால் வெயிலில் நிறுத்தியிருப்பார்.

“நல்லா இருக்காம்மா?” என்றாள்.

“எலும்புகளைச் சுத்தமாக வரைந்திருக்கிறாய்” என்றேன்.

5 ஜூலை, செவ்வாய்

வீடு பெருக்க வந்த சின்னபொண்ணு அட்டைக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரமும் கொளுத்திவிட்டாள். “தாயே, சீமைக்கெல்லாம் போய்க்கினு வந்தியா?” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அது சாமி இல்லை, பாட்டுத் தட்டு என்றேன்.

“சும்மா இருங்கம்மா. அங்காளம்மாவ எனக்குத் தெரியாதா? நீங்கதான் மலையனூர் பக்கமே தலை வெச்சுப் படுக்கறதில்ல.”

அவள் போனபிறகு ஈரத்துணியால் துடைக்க உட்கார்ந்தேன். முகத்தை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். இடது புருவத்தைக் குறுக்கே வெட்டும் தழும்பு. கீழ்வரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல்.

என் புருவம். என் பல்.

பாதி குங்குமம் அப்படியே இருக்கிறது. துடைக்க முடியவில்லை.

6 ஜூலை

எதுக்கு என் மூஞ்சி? ஊர்ல வேற மூஞ்சியே கிடைக்கலையா இவளுக்கு? கேட்டுவிட்டேன்.

“அப்பாவைத் தூக்கிக்கினு போன அன்னிக்கு நீ அழல. எல்லாரும் உன்னைத் தாங்கிப் பிடிக்க வந்தாங்க, கையைத் தட்டிவிட்ட. வாசல்ல பல்லைக் கடிச்சிக்கினு நின்ன. எனக்கு வேற எந்த முகமும் அப்படி மனசுல நிக்கலம்மா.”

அன்று வந்தவர்களெல்லாம் என்னைத் தைரியசாலி என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படியே நினைத்திருந்தேன். இவள் ஓரமாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். இப்போது ஜெர்மனிக்காரன் எல்லாம் பார்க்கிறான்.

அவளோடு பேசவில்லை.

9 ஜூலை

பேசவில்லை. சாம்பாருக்கு உப்பு போதவில்லை என்பதைக்கூடச் சொல்லவில்லை.

13 ஜூலை, புதன்

ஹாஜிரா பீவி பெருமை தாங்காமல் கிருஷ்ணவேணியிடம் அட்டையை வாங்கி ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். அது கரஸ்பாண்டன்ட் விருத்தாசலத்தின் கைக்குப் போய்விட்டது. அவர் குடும்பத்துக்கு அங்காளம்மன் குலதெய்வம். அம்மனைக் கூச்சல் பாட்டுக்கு அட்டையாகப் போட்டு அவமானப்படுத்திவிட்டாள் என்கிறார். வெளிநாட்டுக்காரர்கள் கேட்காமல் படத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டும்.

“நான்தான் வரைஞ்சேன், நான்தான் அனுப்பினேன். பொய் எழுதித் தரமாட்டேன்” என்றாள். அழுகையோடு சொன்னாள், ஆனால் சொன்னாள்.

சரிதான். ஆனால் முப்பத்தாறு வயதில் இந்த வேலையும் போனால், மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிற்கிறவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

17 ஜூலை, ஞாயிறு

மகளுக்குப் புத்தி சொல்லும்படி கரஸ்பாண்டன்ட் எனக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். நாளை போகிறேன். என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை. வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி போட்டிருக்கிறேன்.

18 ஜூலை, திங்கள்

எழுந்து நின்று நாற்காலி போட்டார். மரியாதைக்குக் குறைவில்லை. கிருஷ்ணவேணி சுவரோரம் நின்றாள்.

“உங்க மேல எவ்ளோ மதிப்பு வெச்சிருக்கேன் தெரியுமாம்மா? ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்க, பேஜாரு இல்லாம முடிச்சிடலாம்.”

“இது அம்மன் இல்லையே” என்றேன்.

“இன்னாம்மா இப்படிச் சொல்றீங்க? மயானம் இருக்குது, சாம்பல் இருக்குது. நீங்களே குங்குமம் வெச்சுக் கும்பிட்டிருக்கீங்க, பாருங்க, நெத்தியில இன்னும் ஒட்டிக்கினு இருக்குது!”

“அது வேலைக்காரி வைத்தது. இது நான்.”

அவருக்குப் புரியவில்லை.

“என் முகம். என்னைக் கேட்டுவிட்டுத்தான் வரைந்தாள். நான் உட்கார்ந்து கொடுத்தேன்.”

கிருஷ்ணவேணி என்னைப் பார்த்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

“அம்மா, பொண்ணைக் காப்பாத்தறதுக்காக ஏதாவது—”

கண்ணாடியைக் கழற்றினேன். அன்று வாசலில் நின்ற மாதிரி நின்றேன். பல்லைக் கடித்தேன். அதைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. வாய்க்குள்ளேயே இருந்தது.

விருத்தாசலம் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். பிறகு அதை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

“போதும்மா. உக்காருங்க” என்றார். கவிழ்த்தபடியே அட்டையை என் பக்கம் தள்ளி, “இனிமே பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கினு வர வேணாம். அவ்ளோதான்” என்றார்.

பஸ்ஸில் கிருஷ்ணவேணி, “எப்பம்மா உக்காந்து குடுத்த?” என்று கேட்டாள்.

ஜன்னலை மூடச் சொன்னேன், தூசி வருகிறதென்று.

24 ஜூலை, ஞாயிறு

அவள் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் மற்ற அட்டைகளையெல்லாம் நிதானமாகப் பார்த்தேன். மண்டையோடுகள், கொம்பு, தீ. எல்லாம் பயமுறுத்துவதற்கென்று போட்டவை. அவள் வரைந்தது யாரையும் பயமுறுத்தவில்லை. வலியை அடக்கிக்கொண்டு கிடக்கிறது, அவ்வளவுதான். ஓட்டுப் போட்டவர்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கண் இருக்கிறது.

இதை அவளிடமும் சொன்னேன்.

14 ஆகஸ்ட், ஞாயிறு

அடுத்த தட்டுக்கும் படம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நான் உட்காரட்டுமா என்று நான்தான் கேட்டேன். கரஸ்பாண்டன்டிடம் சொன்னது பொய்யாகவே நிற்கக் கூடாது.

காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டேன்.

“எப்படியும் வெச்சுக்க வேணாம்மா. சும்மா உக்காரு.”

சும்மா உட்கார்வது எவ்வளவு கஷ்டம். பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை, கண்ணிலிருந்து வழிந்து மோவாய்வரை வந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கினேன்.

“அசையாதம்மா” என்றாள்.

நான் அசையவில்லை.