அமலா பட்டாளத்துக்குப் போகிறாள்

என் பிரியமுள்ள லூர்துக்கு,

நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று ஸ்டெல்லா டீச்சர் சொன்னார். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? நீ நல்ல இடத்தில்தான் இருப்பாய். ஆமாம், எழுதுவது நான்தான். யாரும் எழுதித் தரவில்லை.

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. போன வருஷம் கோயில் ஹாலில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு ஆரம்பித்தார்கள். காலைப் பூசை முடிந்ததும் ஒரு மணி நேரம். எழுபத்து மூன்று வயதில் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். தினமும் எனக்குப் பேப்பர் படித்துக் காட்டிய நீ போய்விட்டாய், வேறு என்ன செய்வது? இந்தக் கடிதத்தைக் கோயில் பத்திரிகையான பங்கு மலரில் போடப் போவதாக டீச்சர் சொல்லியிருக்கிறார். அதனால் நம் இருவருக்கு மட்டும் தெரிந்த சில சங்கதிகளை விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

சேதி இதுதான். நம் மகள் அமலா பட்டாளத்தில் சேர்ந்துவிட்டாள்! மறுபடியும் படித்துக்கொள். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

முப்பத்தாறு வயதில் என்ன பட்டாளம் என்று கேட்பாய். இது டெரிடோரியல் ஆர்மி. வேலையை விட வேண்டாம். வைட்ஃபீல்ட் ஆபீஸ் அப்படியே இருக்கும். முதலில் சில மாதம் பயிற்சி, பிறகு வருஷத்துக்கு இரண்டு மாதம் சீருடை. நாடு கூப்பிட்டால் மட்டும் முழு நேரம்.

எனக்கு இவர்களை நன்றாகத் தெரியும். முப்பது வருஷம் பட்டாளத்துத் துணி தைத்தவன் அல்லவா? பத்து மாதம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். போன வருஷப் பேன்ட் இடுப்பில் ஏறாது. "டெய்லர் சாப், தோடா லூஸ்", கொஞ்சம் தளர்த்துங்கள் என்று வெட்கப்படுவார்கள். பிரித்துவிட்டுக் கொடுப்பேன். இரண்டு மாதம் ஓடி முடித்ததும், அதே பேன்டை இடுப்பில் பிடிக்கச் சொல்லி அதே ஆள் வருவார். முகத்தில் என்ன பெருமை!

நான் பயந்ததும் அந்தத் தையல் கடையில்தான். இதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. அளவு கொடுத்துவிட்டுப் போன ஓர் இளைஞர் துணி வாங்க வரவே இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. அவர் சட்டை ஒரு வருஷம் ஹேங்கரில் தொங்கியது. அந்த வருஷம்தான் அமலா காலேஜிலிருந்து என்.சி.சி. உடுப்போடு வந்து, பட்டாளத்துக்கு மனுப் போடப் போகிறேன் என்றாள். "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். நீ பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாய், பேசவில்லை.

இந்த வருஷம் அவள் தேர்வு, நேர்முகம், டாக்டர் சோதனை எல்லாவற்றையும் எனக்குத் தெரியாமலே முடித்திருக்கிறாள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து, தக்காளி நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு ஆர்மில கெடச்சிருச்சுப்பா. ஆனா வேணாம்னு மெயில் போட்டுரப் போறேன்."

"ஏன்?"

"நான் மாசக் கணக்குல போய்ட்டா உன்ன யாரு பாத்துப்பா?"

"நான் என்னா தொட்டில்லயா கெடக்குறேன்?"

"போன வருஷம் நைட் மாத்திரைய காலைல முழுங்கிட்டு பஸ் ஸ்டாப்ல மயங்கி உக்காந்த. ஆட்டோக்காரரு இட்டுனு வந்து விட்டாரு. மறந்துட்டியா?"

"அப்போ எனக்குப் படிக்கத் தெரியாது. இப்போ தெரியும்."

"மாத்திரை அட்டையில தமிழாப்பா இருக்கு?"

நீயே சொல், லூர்து. நான் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு தமிழ் கற்றிருக்கிறேன். பஸ்ஸில் கன்னடம், கடையில் கன்னடம், மருந்தில் இங்கிலீஷ். கோயிலை விட்டு வெளியே வந்தால் நான் படிப்பதற்கு என்ன இருக்கிறது?

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அவள் ஆசைக்கு இரண்டாம் தடவையும் நானே குறுக்கே நிற்கிறேன். அன்று வாயால் தடுத்தேன், இன்று உடம்பால். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அவள் ஆபீஸ் போனதும் மாத்திரைப் பை, நான்கு டப்பா, ஒரு கறுப்பு மார்க்கர் எல்லாம் எடுத்துக்கொண்டு மருந்துக் கடை ரஃபீக்கிடம் போனேன்.

"ரஃபீக், எது எதுக்கு, எப்போ முழுங்கணும்னு சொல்லு. மெதுவா சொல்லு, எழுதணும்."

"குடுங்கண்ணே, நானே எழுதித் தரேன்."

"நீ கன்னடத்துல எழுதுவ. என் எழுத்துதான் எனக்குப் படிக்க வரும்."

அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். 'காலை. சாப்பாட்டுக்கு முன். சர்க்கரை.' ஒரு டப்பாவுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. பின்னால் நின்ற அம்மா சீக்கிரம் ஆகட்டும் என்று முணுமுணுத்தார். ரஃபீக் விடுவானா? "பரீக்ஷை நடீதா இதே, சும்னிரம்மா" என்றான். பரீட்சை நடக்கிறது, சும்மா இருங்கள் என்று. வரிசையே சிரித்தது. நான் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் எழுத்து கோணிவிடும்.

சாயங்காலம் அமலா டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னப்பா எழுதிருக்க?"

"படி."

"எனக்கு எங்க தமிழ் படிக்க வரும்ப்பா?"

நாம்தானே அவளைக் கன்னட ஸ்கூலில் போட்டோம்! என்ஜினியர் மகளுக்கு டெய்லர் அப்பன் படித்துக் காட்டினேன். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனாலும் அவள் லேசில் விடுகிறவளா? டப்பாக்களை இடம் மாற்றி வைத்துச் சோதித்தாள். வெளியே இருந்த தமிழை நான் படித்தேன், உள்ளே இருந்த அட்டையின் இங்கிலீஷை அவள் படித்தாள். முதல் டப்பா சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதில் நின்றாள்.

"காலைன்னு படிச்ச. உள்ள இருக்கறது நைட் மாத்திரைப்பா."

எழுதியது சரி. வீட்டுக்கு வந்து அட்டைகளைப் போடும்போது கை மாறிவிட்டது. அவள் டப்பாவை மூடினாள். போனைக் கையில் எடுத்தாள். வேண்டாம் என்று எழுதத்தான் எடுக்கிறாள் என்று தெரிந்தது.

"நீ பொண்ணுன்னு அன்னிக்கு நான் வேணாம்னு சொல்லலம்மா" என்றேன். ஹேங்கரில் தொங்கிய சட்டையைப் பற்றிச் சொன்னேன். "எனக்கு பயம். அத சொல்ல வெக்கம். உன் பதினெட்டு வருஷத்த என் பயம் தின்னுடுச்சு. இன்னொரு தடவ தின்ன வேணாம்மா."

அவள் போனை மடியில் வைத்தாள்.

"இத அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா?"

"சண்ட போட்டிருப்பேன். போயும் இருப்பேன்."

பிறகு அந்தப் போனில் ரஃபீக்கைக் கூப்பிட்டாள். சனிக்கிழமைதோறும் அவன் டப்பாக்களைச் சரிபார்த்து நிரப்பித் தருவது என்று பேசி முடித்தாள். மார்க்கரை என்னிடம் நீட்டி, காலண்டரில் ஒரு தேதியைத் தொட்டுக் காட்டினாள்.

"எழுதுப்பா. உன் தமிழ்லயே எழுது."

எழுதினேன். அமலா பட்டாளத்துக்குப் போகிறாள். ஒரு நாளின் கட்டத்துக்குள் அடங்கவில்லை. அடுத்த மூன்று நாளையும் பிடித்துக்கொண்டது. இருக்கட்டும், சின்ன சேதியா?

அவள் போய் ஆறு வாரம் ஆகிறது. தெரு முழுக்கக் கேக் கொடுத்தேன். பாதிப் பேர் எனக்குப் பிறந்தநாள் என்று நினைத்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் வரும். கூட இருப்பவர்கள் எல்லோரும் இவளைவிடச் சின்னவர்களாம். ஓட்டத்தில் இவள்தான் கடைசியாம். "கடைசிதான், ஆனா நடுவுல நிக்கலப்பா" என்றாள். நானும் ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிடவில்லை. அவள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுவேன். "ஷாபாஷ்!" என்று பட்டாளத்துக் குரலில் கத்துகிறாள். இந்த வீட்டில் யாருக்கு யார் அப்பா, லூர்து?

ஒன்று சொல்லி முடிக்கிறேன். வருஷத்தில் இரண்டு மாதம்தான் என்று நான் கேலி பேசலாம். நிஜமாகவே கூப்பிட்டால் அவள் போயாக வேண்டும், அது எனக்குத் தெரியும். அப்படி ஒரு நாள் வந்தால் நான் பயப்படுவேன். அதை மாற்ற முடியாது. பயமாக இருக்கிறது என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லுவேன். போகாதே என்று மட்டும் சொல்ல மாட்டேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரைக்கும் போவேன், வண்டி கிளம்பும்வரை சிரித்த முகமாக நிற்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் வீட்டுக்காரன்,
பட்டாளத்துக்காரி அமலாவின் அப்பன்,
சூசை