அத்தையின் வாய்

அன்பானவளுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே வீடு இருக்கிறது, பட்டறை இருக்கிறது, நானும் இருக்கிறேன். அதற்கு மேல் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

உன் அண்ணன் போனில் பேசினார். அத்தையின் காரியங்கள் எல்லாம் நல்லபடியாக முடிந்தன, நீதான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்டேன். "அத அவகிட்டயே கேளுங்க மாப்பிள்ள" என்று வைத்துவிட்டார். நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் இந்தக் கடிதம்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வெண்கலத்தில் வார்க்க நீ செய்துவைத்த உன் அம்மாவின் மெழுகுத் தலை இளகிவிட்டது. தூசி படக்கூடாது என்று அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அலமாரிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மண் அச்சுகளைக் காயவைக்கும் அறை. அங்கே தீ மூட்டினால் சுவர் சுடும் என்பது எனக்குத் தெரியாதா? திறந்து பார்த்தபோது உதடும் மோவாயும் கழுத்தில் வழிந்து கிடந்தன. தலையில் அடித்துக்கொண்டேன்.

நானே சரிசெய்துவிடலாம் என்று கத்தியைச் சூடாக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒருவழியாக முடித்தேன். நம் உலைக்காரர் வந்து பார்த்தார். "என்னண்ணே, உங்க அம்மாவ உரிச்சு வச்ச மாதிரி இருக்கே!" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. சம்பந்திகள் இருவரும் உயிரோடிருந்து அதைப் பார்த்திருந்தால், அவர்கள் சண்டையின் சூட்டில் நம் பட்டறைக்குத் தனியாக உலையே தேவைப்பட்டிருக்காது.

சுரண்டி எடுத்துவிட்டேன். இப்போது மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லை. போட்டோவைப் பார்த்துச் செய்யலாம் என்றால், ஒரு போட்டோவிலாவது அத்தை பேசாமல் இருந்தால்தானே! அப்படிப்பட்டவர் வாயில்லாமல் என் மேசைமேல் இருக்கிறார். என்னால் பார்க்க முடியவில்லை. இப்படியே களிமண் பூசி வார்க்கவும் முடியாது. மெழுகு உருகி ஓடிவிட்டால் பிறகு திருத்தம் ஏது?

நீ கேட்டது ஒன்றே ஒன்று. அம்மா கண்ணால் பார்க்கட்டும், முதலில் இதை வார்த்துக் கொடுங்கள் என்றாய். பம்பு வார்க்கும் ஆர்டர் முடியட்டும் என்றேன். மறுபடி கேட்டாய், மறுபடியும் அதையே சொன்னேன். "மாப்பிள்ளை காதுல மண்ணு அடைச்சிருக்கு, விடுடி" என்று அத்தைதான் சிரித்துக்கொண்டே உன்னை அடக்கினார். பம்புகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அத்தை பார்க்காமலே போய்விட்டார். ஒரு நாள் உலையை அவருக்காக மூட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

தலையின் பின்பக்கம், கொண்டைக்குக் கீழே, உன் கட்டைவிரல் ரேகை கலையாமல் இருக்கிறது. அந்த இடத்தில் என் கை படவில்லை. வெண்கலத்திலும் அந்த ரேகை அப்படியே விழும். அதற்கு நான் பொறுப்பு.

அலமாரியைக் காலி செய்துவிட்டேன். உன் பழைய மேசையை ஜன்னல் பக்கம், குளிர்ச்சியான இடத்தில் போட்டிருக்கிறேன். பம்பு வேலை எதையும் இப்போது எடுக்கவில்லை.

எனக்காக வர வேண்டாம், அவருக்காக வா. வந்து அத்தைக்கு வாயை வைத்துக்கொடு. முதல் திட்டு எனக்கே விழட்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன்,
காதில் மண் அடைத்தவன்